இறங்கத் தெரிந்த வண்டி

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு எண் பலகை உண்டு. 1/70 என்று தொடங்கி 70/70 வரை. ஒருமுறை சோளக்காட்டிலிருந்து இறங்கி வரும்போது, பாதி வழியில் ஒரு வளைவின் ஓரம் பலாப்பழ லோடோடு ஒரு குட்டி யானை வண்டி நின்றிருந்தது. சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் போனதும் கருகிய வாசனை மூக்கில் ஏறியது. டிரைவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். வண்டி பழுதா என்று கேட்டேன். "பழுதெல்லாம் இல்லீங்க, சூடு ஆறட்டும்னு நிறுத்தியிருக்கேன்" என்றார். அவருக்கு அவசரமே இல்லை. அந்த நிதானம்தான் அவரை அன்று வீடு சேர்த்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அண்மையில் மலையில் மிளகும் வாழையும் வாங்கி விற்கும் நண்பர் ஒருவர், "எந்த வண்டிங்க எடுக்கலாம்?" என்று கேட்டபோது அந்த வாசனைதான் நினைவுக்கு வந்தது. ஷோரூமில் அவரிடம் மைலேஜ், எத்தனை கிலோ ஏற்றலாம், மாதத் தவணை எவ்வளவு என்று மூன்று கணக்குகளைச் சொல்லியிருந்தார்கள். மூன்றும் தேவைதான். ஆனால் அவை சமவெளியில் போட்ட கணக்குகள். கொல்லிமலைக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. இங்கே விளையும் வாழை, பலா, அன்னாசி, மிளகு, காப்பி, மரவள்ளி எல்லாம் கீழே போய்த்தான் காசாக வேண்டும். பாரம் இறங்கும் திசையில் போகிறது. ஏறும்போது வண்டி பெரும்பாலும் காலி, அல்லது மளிகைச் சாமான். ஆகவே இங்கே வண்டி வாங்குகிறவர் "இது ஏறுமா?" என்பதற்கு முன்னால் "இது இறங்குமா?" என்று கேட்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். டாடா ஏஸ் 2005 மே மாதம் சந்தைக்கு வந்தபோது அதில் இருந்தது இரண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி, 16 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். முக்கால் டன் ஏற்றலாம். வண்டியும் பாரமுமாகச் சேர்ந்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மலை மேலிருந்து அடிவாரத்துக்கு உயரம் சுமாராக 1,000 மீட்டர். அந்த உயரத்தில் நிற்கும் 1,500 கிலோவுக்குள் கிட்டத்தட்ட 15 மெகா ஜூல் ஆற்றல் ஒளிந்திருக்கிறது. வண்டி கீழே வந்து சேரும்போது அந்த ஆற்றல் எங்காவது போயிருக்க வேண்டும். வேகமாக மாறினால் வண்டி பள்ளத்தில் கிடக்கும். 25 கிலோமீட்டர் சாலையில் டயர் உருளும் உராய்வு அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கும் என்று கொள்வோம். மெதுவாகப் போகிற வண்டியைக் காற்று பெரிதாகத் தடுக்காது. மிச்சம் கிட்டத்தட்ட 10 மெகா ஜூல். 30 லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. கல்யாண வீட்டு அண்டா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சூடு முழுவதும் பிரேக்கில் இறங்கினால் என்ன ஆகும்? நான்கு சக்கரங்களின் டிஸ்க், டிரம் இரும்பைச் சேர்த்து 30 கிலோ என்று கொண்டால், காற்றில் துளியும் ஆறாவிட்டால், வெப்பநிலை 600 டிகிரிக்கு மேல் உயரும். நிஜத்தில் காற்று ஆற்றிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு போகாது. ஆனால் பாதி போனாலே போதும், வண்டி கையை விட்டுப் போவதற்கு.

அது இரண்டு வழிகளில் நடக்கும். முதலாவது லைனிங். பிரேக் லைனிங்கில் இருக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடானால் சிதைந்து வாயுவாகக் கசியும்; உராய்வு குறையும். டிரம் பிரேக்காக இருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகிப்போகும், பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும். டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். சிறு லோடு வண்டிகள் பலவற்றில் முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் இருக்கும்.

இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது முன்னறிவிப்பு இல்லாமல் வரும். பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். டாட் 3 என்று எழுதியிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே டாட் 3-க்குக் கொதிநிலை 140 டிகிரிக்கும், டாட் 4-க்கு 155-க்கும் இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடலை மிதித்தால் குமிழ் மட்டும் சுருங்கும்; சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. மழையும் மூடுபனியும் உள்ள மலையில் வண்டி வைத்திருப்பவர் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுவதைச் செலவாக நினைக்கக் கூடாது. வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு நாள் டீக்காசு.

ஆகவே சூட்டைப் பிரேக்குக்கு அனுப்பாமல் வேறு பக்கம் திருப்ப வேண்டும். "ஏறுன கியர்லயே இறங்கு" என்று மலை டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது கியரில் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு எஞ்சினுக்குள் சூடாகி, ரேடியேட்டரும் புகைக்குழாயும் அதை வெளியேற்றுகின்றன. பெட்ரோல் எஞ்சினில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வரும் கதவு மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் வெற்றிடத்தை இழுத்துத் திணறும், அதுவே நல்ல தடை. டீசல் எஞ்சினில் காற்று பெரும்பாலும் தடையின்றி உள்ளே வரும். அமுக்கிய காற்று திரும்ப விரிந்து பிஸ்டனைத் தள்ளிக் கொடுத்துவிடும். அதனால் டீசலில் இந்தப் பிடி அதன் பலத்துக்கு ஏற்ற அளவில் இருப்பதில்லை. பெரிய லாரிகளில் புகைக்குழாயை அடைக்கும் தனி பிரேக் வைப்பது அதை ஈடுகட்டத்தான். சிறு டீசல் வண்டியில் அந்த வசதி இல்லாதபோது, இன்னும் கீழ் கியர்தான் வழி.

நியூட்ரலில் போட்டு இறக்குபவர்கள், டீசல் மிச்சம் என்று எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் இறங்கும் வண்டி ஆக்சிலேட்டரை மிதிக்காதவரை எரிபொருளை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது, ஆகவே மிச்சமாகும் டீசல் சொற்பம். எஞ்சினை அணைத்தாலோ பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டர் இரண்டு மூன்று மிதிகளுக்குள் தீர்ந்துபோகும். அதன் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். 70 வளைவுகளில் மூன்று மிதி எந்த மூலைக்கு?

ஏற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்குப் போனால் காற்றின் அடர்த்தி பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையும். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். மேலே சொன்ன 16 குதிரைத்திறனில், கியர்பாக்ஸ் இழப்பும் போகச் சக்கரத்துக்கு 12 வரை கிடைக்கும். பத்தடி போனால் ஓரடி உயரும் சரிவில், முழு லோடோடு, மணிக்கு 19 கிலோமீட்டர் போகலாம். மெதுவாகத்தான், ஆனால் போகும். அசோக் லேலண்டு 2011-இல் ஓசூரிலிருந்து கொண்டுவந்த தோஸ்த் போன்ற ஒன்றேகால் டன் வண்டிகளில் டர்போ இருப்பதால் இந்த மூச்சிரைப்பு குறைவு. சிமெண்டும் கம்பியும் மேலே ஏற்றி வீடு கட்டித் தருபவருக்கு அது நியாயமான தேர்வு. மிளகு வியாபாரிக்கு அவ்வளவு தேவையில்லை.

குறுகிய மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் சாலை விதி. இதற்குள்ளும் இயற்பியல் இருக்கிறது. சரிவில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்தும் அந்த ஒரு கணத்தில்தான் கிளட்ச் தேய்ந்து சூடாகிறது. இறங்கும் வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது வளைவுக்கு வருவோம். கொல்லிமலையில் இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கொண்டை ஊசி வளைவை ஒரு அரைவட்டமாக நினைத்துப் பாருங்கள். உள் ஓரம் 5 மீட்டர் ஆரம், வெளி ஓரம் 10 மீட்டர். வளைவு தொடங்குமிடத்துக்கும் முடியுமிடத்துக்கும் உயர வித்தியாசம் ஒன்றரை மீட்டர். வெளி ஓரமாகப் போகிற வண்டி 31 மீட்டர் ஓடி அந்த உயரத்தை ஏறும்; உள் ஓரமாகப் போகிற வண்டிக்கு அதே உயரம் 16 மீட்டருக்குள். ஒரே வளைவு, சரிவு மட்டும் இரண்டு மடங்கு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுகளிலெல்லாம் இந்தச் செங்குத்தான உள் ஓரம் நம் பங்காக வரும்.

அங்கேதான் வண்டியின் நீளம் பேசும். வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். முன்சக்கரம் 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.1 மீட்டர் உள்ள ஏஸ் போன்ற வண்டியில் பின்சக்கரம் 38 சென்டிமீட்டர் உள்ளே வெட்டும். இடைவெளி 3 மீட்டராக உள்ள பிக்கப்பில் அது 80 சென்டிமீட்டர். அந்த 80 சென்டிமீட்டரில்தான் சாக்கடை ஓரமும் மழையில் அரித்த தார் விளிம்பும் இருக்கும். நீள வண்டிக்காரர் அதைத் தவிர்க்க எதிர்ப்பக்கம் அகலமாக எடுப்பார், எதிரே வருகிறவரின் பாதைக்குள் போவார். பெரிய வண்டியில் இரண்டு நடையை ஒரே நடையில் முடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் இந்தச் சாலையில் குட்டி வண்டி குட்டியாக இருப்பதே ஒரு பாதுகாப்பு.

பாரத்தை எவ்வளவு உயரமாக அடுக்குகிறோம் என்பது அடுத்தது. சக்கர அகலம் 1.3 மீட்டர் உள்ள வண்டியில், மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருந்தால், எடையில் எண்பது விழுக்காடு அளவுக்குப் பக்கவாட்டு விசை வந்தால்தான் கவிழும். அதற்கு முன்பே டயர் சறுக்கிவிடும். வாழைத்தாரைக் கூண்டுக்கு மேல் அடுக்கி மையம் 1.2 மீட்டருக்குப் போனால், 54 விழுக்காட்டிலேயே கவிழும். அந்த 6 மீட்டர் வளைவில் மணிக்கு 15 கிலோமீட்டரில் திரும்பினால் பக்கவாட்டு விசை எடையில் 30 விழுக்காடு. 20 கிலோமீட்டரில் 52. வேகம் ஐந்தே கிலோமீட்டர் கூடியது, வண்டி கவிழும் எல்லைக்கு வந்துவிட்டது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்தது இங்கே தார்ச்சாலையில் எழுதிக் கிடக்கிறது. பலாப்பழமாக இருந்தால் அது உருண்டு ஒரு பக்கம் சேர்ந்து நிலைமையை மேலும் கெடுக்கும். சாக்கில் கட்டி, இடையில் பலகை தடுப்பு வைப்பது நல்லது.

மூன்று சக்கர லோடு ஆட்டோவை நான் மலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சமவெளியில் அது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதன் தாங்குதளம் ஒரு முக்கோணம். இறக்கத்தில் பிரேக் போட்டுக்கொண்டே திரும்பும்போது எடை முன்னால் சாய்கிறது, முக்கோணமோ முன்னால் குறுகிக்கொண்டே போகிறது. தேவைப்படும் நேரத்தில் அகலம் இல்லை. மூன்று சக்கர வண்டிக்காரர்களுக்கு நான்கு சக்கரத்தில் ஒரு மாற்று என்பதுதான் ஏஸ் பிறந்த கதையின் மையம். தமிழ்நாட்டில் அதற்கு அமைந்த குட்டி யானை என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! நாலு காலும் தரையில் இருக்கிற விலங்கு.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் ஓட்டும் ரெனோ காங்கூ, சிட்ரோன் பெர்லிங்கோ போன்ற சிறு வேன்கள் முன்சக்கர இழுவை. பின்னால் அச்சுத்தண்டு ஓடாததால் தளத்தைத் தாழ்வாக அமைக்கலாம், ஏற்றி இறக்க வசதி. ஆனால் சரிவில் எடை பின்னுக்குச் சாயும், பின்னால் லோடும் இருந்தால் முன்சக்கரம் இலேசாகும். ஈரச் சாலையில் அது சுழன்று நிற்கும். நம் லோடு வண்டிகளும், 1984-இல் வந்த மாருதி ஆம்னியும் பின்னர் வந்த ஈக்கோவும் பின்சக்கர இழுவை. பாரம் எங்கே உட்கார்கிறதோ அங்கேயே பிடிமானம். காலியாக மழையில் ஏறும்போது மட்டும் பின்பக்கம் இலேசாகி வழுக்கும். அப்போது மேலே கொண்டுபோகும் மளிகையைப் பின் அச்சுக்கு நேராக வைத்தால் போதும்.

மூடிய வேனா, திறந்த தொட்டியா? மோட்டார் ரிப்பேர், வயரிங், மைக் செட் வேலை செய்கிறவருக்குக் கருவிதான் சொத்து. அவருக்கு ஈக்கோ போன்ற மூடிய கார்கோ வேன் சரி. எடையும் தாழ்வாக இருக்கும். பழ வியாபாரிக்கு மூடிய பெட்டி பகை. பழுத்த வாழையும் பலாவும் எத்திலீன் வாயுவை விடும். அடைத்த பெட்டியில் அது தேங்கி, காயாக ஏற்றியதையும் பழுக்கத் தூண்டும். அவருக்குக் காற்றோட்டமான தொட்டியும் நல்ல தார்ப்பாயும் போதும். மிளகுக்கும் காப்பிக்கும் நேர்மாறு: அவை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். இரண்டையும் ஏற்றுகிறவர் ஒரே நடையில் கலக்காமல் இருந்தால் நல்லது.

நாமக்கல் லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர். கீழே போனால் கூண்டு, உயரத் தடுப்பு, கூடுதல் ஸ்பிரிங் பட்டை எல்லாம் சொல்லிச் செய்துகொள்ளலாம். கைவேலை அருமையாக இருக்கும். ஆனால் 100 கிலோ இரும்பைச் சேர்த்தால் 100 கிலோ மிளகு குறையும், அதுவும் உயரத்தில் சேரும் எடை. பட்டை விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சில பிக்கப்புகளில் பின் அச்சு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து லோடை அளந்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. பட்டை கூட்டினால் முழு லோடிலும் வண்டி தாழாது. வால்வு வண்டி காலியாக இருப்பதாக நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மொத்தச் சூடும் முன் பிரேக்கில் விழும். வளைவோரம் கருகும் வாசனைகளில் சில இப்படி வருபவை.

பாரத்தைக் குறைக்க வண்டிக்கு வெளியேயும் வழியுண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் காக்க வேலை செய்து வந்திருக்கிறது. மகளிர் குழுக்கள் மலையிலேயே உமி நீக்கச் சிறு ஆலைகளும் வந்தன. பெண்களின் உரல் வேலையைக் குறைத்ததுதான் அதன் பெரிய பயன். கூடவே, உமியை 70 வளைவுகள் சுமந்து இறக்கும் வேலையும் மிச்சம்.

நண்பர் கடைசியாகக் கேட்டது மின்சார வண்டியைப் பற்றி. டாடா 2022-இல் அறிமுகப்படுத்திய ஏஸ் மின்வண்டியில் 27 கிலோவாட் மோட்டாரும் 21.3 யூனிட் பேட்டரியும் உண்டு. 600 கிலோ ஏற்றலாம். இழுவிசை நின்ற நிலையிலிருந்தே முழுதாகக் கிடைப்பதால் சரிவில் கிளட்ச் கருகும் பேச்சே இல்லை. மோட்டார் காற்றை நம்பி வாழ்வதில்லை என்பதால் உயரத்தில் மூச்சும் வாங்காது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இறக்கம்தான். மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, வீணாகச் சூடாகப் போகும் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பலாம். காலியாக ஏற, உராய்வும் இழப்பும் சேர்த்து ஐந்தரை யூனிட் செலவாகும் என்பது என் கணக்கு. முழு லோடோடு இறங்கும்போது இரண்டு யூனிட் திரும்பக் கிடைக்கலாம். சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு கல் குவாரியில் இதன் உச்சத்தைச் செய்து காட்டினார்கள். ஒரு பெரிய கொமாட்சு டம்பரை மின்வண்டியாக மாற்றினார்கள். காலியாக 45 டன், கல்லோடு 110 டன். காலியாக ஏறி, லோடோடு இறங்குவதால் செலவழிப்பதைவிட அதிக மின்சாரத்தை அதனால் உண்டாக்க முடிகிறது. நம் குட்டி யானையில் லோடு வண்டியின் எடையில் பாதிதான், ஆகவே அந்த அளவுக்கு லாபம் வராது. பிரேக் சூடாகாமல் இருப்பதே பெரிய லாபம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மலை மேல் வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் நூறு விழுக்காட்டோடு லோடை இறக்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது. மோட்டார் பிடி கொடுக்காது, பழையபடி பிரேக்தான். மேலே இருப்பவர் எண்பதில் நிறுத்த வேண்டும். சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ சார்ஜ் போட்டு ஏறுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்க்கப் போகிறார். ஷோரூம் வாசலில் காலியாக ஒரு சுற்று போதாது என்று சொல்லியிருக்கிறேன். 500 கிலோ மணல் மூட்டை ஏற்றி, சோளக்காட்டிலிருந்து இரண்டாவது கியரில் காரவள்ளிக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். வண்டி மின்சாரமாக இருந்தால் எண்பது விழுக்காட்டில் கிளம்ப வேண்டும். பாதி வழியில் ஒருமுறை, அடிவாரத்தில் ஒருமுறை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அருகே தொடாமல் கையைக் காட்டிச் சூட்டைப் பார்க்க வேண்டும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிறதா? பெடல் மேலே மிதித்த ஆழத்திலேயே கீழேயும் பிடிக்கிறதா? அடுத்த வாரம் மழை இல்லாவிட்டால் நானும் கூடப் போகிறேன், வளைவுப் பலகைகளை எழுபதிலிருந்து ஒன்றுவரை எண்ணிக்கொண்டு.